வாசகனின் நேரம்

1924ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழிக்காரர் ஒருவர், பொறுப்பேற்றுச் சில நாட்கள் ஆவதற்குள்ளாகவே, தாம் விட்டு வந்த மாநிலக் கல்லூரிக்குத் திரும்பிச் சென்று, தம்மைப் பழையபடி கணித ஆசிரியராகவே வைத்துக்கொள்ளும்படி முதல்வரிடம் மன்றாடினார். மாணவர்களின் முகங்களைப் பார்த்தும் அவர்களுடைய கேள்விகளுக்கு விடை சொல்லியும் பழகிய அந்த 31 வயது ஆசிரியருக்கு, எவரும் எடுத்துப் படிக்காத புத்தகங்களுக்கு நடுவே, செய்வதற்கென்று ஒரு காரியமும் இல்லாமல் நாள் முழுவதும் வீற்றிருப்பது பொறுக்க முடியாத தண்டனையாகத் தோன்றியது. நூலகப் பயிற்சிக்காக லண்டனுக்குப் போய் வருவது என்று முன்பே ஏற்பாடாகியிருந்தபடியால், போய்வந்த பிறகும் மனம் மாறவில்லையானால் பழைய உத்தியோகத்தையே தருவதாக அவருக்கு வாக்களிக்கப்பட்டது. போனார்; வந்தார்; பிறகு அந்த வாக்குறுதியை அவர் நினைவூட்டவே இல்லை. அடுத்த இருபது ஆண்டுகள் அதே நூலகத்திலேயே கழிந்தன. எஸ். ஆர். ரங்கநாதன் என்ற அவருடைய பெயர், நூலகம் என்ற சொல் வழங்கும் தேசங்களில் எல்லாம் இன்று தெரிந்த பெயர்.

லண்டனில் அவர் கண்டது என்ன என்று கேட்டால், புத்தகங்களை அல்ல, வாசகர்களைக் கண்டார் என்றே சொல்ல வேண்டும். யூனிவர்சிட்டி காலேஜில் அவருக்கு ஆசானாக வாய்த்த பெர்விக் சேயர்ஸ், கிராய்டன் நகரத்துப் பொது நூலகத்தின் தலைவராகவும் இருந்தவர். ஆகையால் பாடத்தோடு நிறுத்தாமல், ஊர் ஊராகச் சென்று நூலகங்கள் நடக்கும் விதத்தை நேரில் பார்த்து வரும்படி சிஷ்யரை அனுப்பினார். தொழிலாளிகளும், வீட்டுப் பெண்களும், சிறு குழந்தைகளும் தங்கள் வீட்டுக் கூடத்துக்குள் நுழைவது போலச் சகஜமாக நூலகத்துக்குள் நுழைவதையும், அலமாரிகளின் முன் நின்று வேண்டியதைத் தாமே எடுத்துப் புரட்டுவதையும் கண்ட ரங்கநாதனுக்கு, சென்னையில் தம்மை வாட்டிய தனிமை நூலகத்துக்கு இயல்பானதல்ல, அது நிர்வாகத்தின் கோளாறே என்ற உண்மை புலப்பட்டிருக்க வேண்டும்.

அந்தக் காலத்து நம் புத்தகசாலைகளில், பொதுவாக, வாசகனுக்கும் புத்தகத்துக்கும் நடுவே ஒரு மேஜையும் ஒரு பூட்டும் இருந்தன. வேண்டிய நூலின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சிப்பந்தி உள்ளே போய்த் தேடி, கிடைத்தால் கொண்டு வருவார், கிடைக்காவிட்டால் இல்லை என்பார். பெயர் தெரியாத புத்தகத்தை எவ்வாறு கேட்பது? தான் தேடும் விஷயத்தில் என்னென்ன நூல்கள் இருக்கின்றன என்பதே தெரியாத இளைஞன் சீட்டில் எதை எழுதுவான்? புத்தகத்தைக் காப்பாற்றுவதே நூலகரின் கடமை என்ற எண்ணம் நிலவிய வரையில் இக்கேள்விகள் எழ இடமில்லை. காணாமற்போன நூலுக்கு நூலகரின் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் வழக்கம் இருக்கும் ஸ்தாபனத்தில், எந்த நூலகர்தான் அலமாரியைத் திறந்து வைக்கத் துணிவார்?

ரங்கநாதன் அலமாரிகளைத் திறந்தார். நூலக நேரத்தை நீட்டினார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. மறு ஆண்டே நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பும் ஆரம்பமாயிற்று. 1931இல் வெளிவந்த அவருடைய நூல், இந்தச் சாஸ்திரம் முழுவதையும் ஐந்து விதிகளுக்குள் அடக்கிக் காட்டியது. அவற்றுள் முதல் மூன்றும் புத்தகத்தையும் வாசகனையும் ஒன்றுசேர்ப்பதைப் பற்றியவை. ஐந்தாவது, நூலகம் என்பது வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பதை உணர்த்துவது. இடையில் நிற்கும் நான்காவது விதியைத்தான் நான் எப்பொழுதும் உயர்வாகக் கருதுகிறேன். வாசகனுடைய நேரத்தை வீணாக்காதே என்பது அதன் சாரம். கேட்பதற்குச் சாமானியமாகத் தோன்றும் இந்த விதியைத் துலாக்கோலாகக் கையில் பிடித்துக்கொண்டால், நூலக நிர்வாகத்தில் அன்று முதல் இன்று வரை நேர்ந்த மாறுதல்களில் எது சேவை, எது வெறும் அலங்காரம் என்று நிறுத்துப் பார்த்துவிடலாம்.

வரிசைப்படுத்துவதையே எடுத்துக்கொள்வோம். ஒரு புத்தகம் அலமாரியில் ஒரே ஓர் இடத்தில்தான் நிற்க முடியும். ஆனால் அதற்குள் இருக்கும் விஷயமோ பல இடங்களுக்கு உரியதாக இருக்கும். தென்னையைத் தாக்கும் வண்டைப் பற்றிய நூலை வேளாண்மையில் வைப்பதா, விலங்கியலில் வைப்பதா? 1876இல் அமெரிக்கரான மெல்வில் டூயி வகுத்த தசமப் பகுப்பு, அறிவுலகம் முழுவதையும் பத்துப் பெரும் பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றையும் மேலும் பத்துப் பத்தாகப் பிரித்துக்கொண்டே போகிறது. உலகெங்கும் பரவிய அருமையான முறைதான். ஆயினும் அது பிறந்த மண்ணின் வாசனை அதை விட்டு அகலவில்லை. சமயத்துக்கென ஒதுக்கிய நூறு எண்களில் பெரும்பகுதி கிறிஸ்தவத்துக்கே போய்விட, ஏனைய சமயங்கள் எல்லாம் 290 என்ற ஒரு மூலைக்குள் நெருக்கப்பட்டன. இரண்டாயிரம் ஆண்டு வயதுள்ள தமிழ் இலக்கியம் 894.811 என்ற நீண்ட வாலின் நுனியில் தொங்குகிறது.

லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானை ரங்கநாதன் பார்த்த கதை பிரசித்தமானது. துளையிட்ட சில தகடுகளும் திருகாணிகளுமே அதில் இருந்தன. ஆனால் அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டிப் பாலமாகவும், பாரந்தூக்கியாகவும், வண்டியாகவும் ஆக்கிக் காட்டினார்கள். ஒவ்வொரு விஷயத்துக்கும் ஆயத்தமான ஓர் எண்ணை முன்கூட்டியே எழுதி வைப்பதற்குப் பதிலாக, விஷயத்தின் அங்கங்களுக்குத் தனித்தனிக் குறிகளை அமைத்து, தேவைக்கேற்ப அவற்றைப் பூட்டிக்கொண்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அதன் விளைவாக 1933இல் வெளிவந்ததே கோலன் பகுப்புமுறை. பயிர் எது, அதன் எந்த உறுப்பு, நேர்ந்த கேடு யாது, அதற்குச் செய்யும் பரிகாரம் யாது என்று நமது தென்னை நூலைத் துண்டு துண்டாக அலசி, பிறகு ஒரே கோவையாகக் கோத்துத் தரும் வித்தை அது. கணிப்பொறியில் ஒரு பொருளைப் பல முகங்களால் வடிகட்டித் தேடுகிறோமே, அந்தத் தேடலின் தத்துவம் இதற்கு நெருங்கிய உறவு உடையது என்பதை நம்மவர்கள் பெருமையோடு அறிந்துகொள்ள வேண்டும்.

பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களுக்கு இவ்வளவும் கிடைத்தன. ஊரில் இருந்தவர்களுக்கு? 1931 அக்டோபரில் மன்னார்குடியிலிருந்து ஒரு மாட்டுவண்டி புறப்பட்டது. பொறியாளர் கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியால் அமைந்த அந்த வண்டி, நெல்லும் வைக்கோலும் போகும் அதே பாதைகளில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகச் சென்றது. வாசகன் புத்தகத்தைத் தேடி நடக்கும் நேரத்தை மிச்சப்படுத்த, புத்தகமே வாசகனைத் தேடி நடந்தது. நான்காம் விதிக்கு இதைவிட அழகான வியாக்கியானம் எனக்குத் தெரியாது.

ஆனால் தனி மனிதரின் தர்மசிந்தையை நம்பி ஒரு ராஜ்யம் முழுவதும் நூலகம் நடத்த இயலாது. ரங்கநாதன் பல ஆண்டுகள் விடாது வற்புறுத்தியதன் பலனாக, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் அதுவே முதலாவது. அதன் உயிர்நாடி நூலக வரி. வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் அத்துடன் நூலகத்துக்கென்று ஒரு சிறு தொகையைச் சேர்த்தே கட்டுகிறார்கள். இன்று அது ரூபாய்க்குப் பத்துப் பைசா. தம் வீட்டு வரி ரசீதைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்தாரும், தாங்கள் ஒருநாளும் நுழைந்திராத கிளை நூலகத்துக்குச் சொந்தக்காரர்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த வரியை வசூலிப்பவை உள்ளாட்சி அமைப்புகள். செலவிடுவதோ மாவட்டந்தோறும் உள்ள நூலக ஆணைக்குழு. வசூலித்த கை, கொடுக்க வேண்டிய கைக்கு உரிய காலத்தில் கொடுக்காமல் நிலுவை வைப்பது நெடுங்காலமாக இருந்துவரும் குறை. பணம் வரத் தாமதமானால் முதலில் நிற்பது புத்தகக் கொள்முதல், அடுத்து நிற்பது ஆள் நியமனம். கட்டிடம் மட்டும் நின்றுகொண்டிருக்கும். ஆகவே வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எதுவும் குறைந்ததாகத் தோன்றாது.

தமிழ்நாட்டில் இன்று நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பான்மையானவை கிளை நூலகங்களும், ஊர்ப்புற நூலகங்களும், பகுதிநேர நூலகங்களுமே. சென்னையில் கோட்டூர்புரத்து எட்டு ஏக்கர் நிலத்தில் 2010இல் எழுந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தையோ, 2023இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையோ பார்த்துவிட்டு நாம் மகிழ்வது நியாயமே. பார்வையற்றோருக்கான பிரெயில் பகுதியும், குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியும் கோட்டூர்புரத்தில் அமைந்திருப்பதை நான் மனமாரப் போற்றுகிறேன். எனினும் ஒரு மாநிலத்தின் நூலக வாழ்வை அளக்க வேண்டிய இடம், ஓர் அறையும், நாலைந்து இரும்பு அலமாரிகளும், ஒரே ஓர் ஊழியரும் உள்ள ஊர்ப்புற நூலகந்தான்.

அந்த ஒருவரின் நாளை எண்ணிப் பாருங்கள். கதவைத் திறந்து, தரையைப் பெருக்கி, நாளிதழ்களைப் பிரித்து மேஜையில் போடுவது முதல் வேலை. வருகிறவர்கள் கையெழுத்திடும் பதிவேட்டைக் கவனிக்க வேண்டும். தலைமை நூலகத்திலிருந்து கட்டுக்கட்டாக வரும் புதிய நூல்களை ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் ஏற்றி, முத்திரை குத்தி, முதுகில் எண் ஒட்டி, தவணைத் தாள் ஒட்டி, அதன் இடத்தில் அடுக்க வேண்டும். திரும்பி வந்த நூல்களை அதனதன் இடத்தில் வைக்காவிட்டால், தவறான இடத்தில் நிற்கும் புத்தகம் தொலைந்துபோன புத்தகமே ஆகிவிடும். மாதாந்தர அறிக்கை, புரவலர் சேர்க்கை, வாசகர் வட்டக் கூட்டம், ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்ப்பு ஆகியவற்றையும் அவரே பார்க்க வேண்டும். இத்தனைக்கும் இடையில் ஒரு சிறுமி வந்து, பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு எந்தப் புத்தகம் படிக்கலாம் என்று கேட்டால், அவளோடு பத்து நிமிடம் பேச அவருக்கு அவகாசம் இருக்குமா? நூலகரின் நேரத்தைக் கொள்ளையிட்டுவிட்டு வாசகனின் நேரத்தை மிச்சப்படுத்த முடியாது. நம் நூலகங்களின் முதன்மையான பிரச்சினை எது என்று எவர் கேட்டாலும் நான் இதையே சொல்வேன்.

இடப்பற்றாக்குறையும் ஒரு பெரிய சங்கடம். வளரும் உயிர் பழைய இலைகளை உதிர்க்க வேண்டும். கிழிந்ததும், காலம் கடந்ததும், ஒரே நூலின் தேவைக்கு மிஞ்சிய படிகளும் விலக்கப்பட்டால்தான் புதியவற்றுக்கு இடம் பிறக்கும். ஆனால் விலக்கலாகாத நூலகங்களும் உண்டு. 1896 டிசம்பரில் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் அத்தகையது. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் எவர் எந்த நூலை வெளியிட்டாலும் கல்கத்தா தேசிய நூலகத்துக்கு அனுப்புவது போல இதற்கும் ஒரு படி அனுப்பியாக வேண்டும். இன்று பயனற்றதாகத் தோன்றும் சமையல் புத்தகம், நூறு வருஷங்களுக்குப் பின் வரும் சரித்திர ஆசிரியனுக்கு ஒரு பொக்கிஷமாகலாம். கொடுத்து வாங்கும் நூலகத்துக்கும், காத்து வைக்கும் நூலகத்துக்கும் தர்மம் வேறு வேறு என்பதை உணராமல், இரண்டையும் ஒரே விதியால் நடத்த முற்படும்போது இரண்டுமே கெடுகின்றன.

காத்து வைப்பதற்கும் காகிதம் இடங்கொடுக்க வேண்டுமே! முன்னோர்கள் ஏட்டுச் சுவடிகளை வசம்பு வைத்துக் கட்டிப் பல தலைமுறைகள் காப்பாற்றினார்கள். சென்ற நூற்றாண்டின் மலிவான அச்சுக் காகிதமோ, மரக்கூழிலும் அதை இறுக்கச் சேர்த்த படிகாரத்திலும் பிறந்த அமிலத்தால் தன்னைத்தானே தின்றுகொள்கிறது. விரல் பட்டால் அப்பளமாக நொறுங்குகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களையும், பத்திரிகைகளையும், நோட்டீசுகளையும் அவர் மறைவுக்குப் பிறகு 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைநிறுத்திப் படச்சுருளில் பதிவு செய்ய வழிவகுத்திராவிட்டால், அவற்றுள் எத்தனை இன்று தூளாகியிருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சம் பதறுகிறது. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றில் வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் இருந்தன. ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது பாதுகாப்பு அல்ல என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

இங்கேதான் கணிப்பொறி நமக்கு மெய்யான உபகாரியாக வருகிறது. 1998 முதல் மதுரைத் திட்டமும், 2005 முதல் ஈழத்தவரின் நூலகம் நிறுவனமும், அரசாங்கத்தின் தமிழ் மின்னூலகமும் பழைய நூல்களை இணையத்தில் ஏற்றி வைத்திருப்பதால், உசாத்துணைக்கென்று ரயிலேறிச் சென்னைக்கு வர வேண்டியிருந்த ஆராய்ச்சியாளர் தம் வீட்டிலிருந்தே படிக்கிறார். எழுத்தாளர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை பதிப்புரிமை நிலைக்கும் நம் நாட்டில், பாரதியின் படைப்புகளை 1949இல் சென்னை அரசு ஏற்றதில் தொடங்கி, நூல்களை நாட்டுடைமையாக்கும் வழக்கமும் இப்பணிக்குப் பெருந்துணையாக அமைந்துவிட்டது.

நூலகத்தின் உள்வேலையிலும் கணிப்பொறி புகுந்திருக்கிறது. இதற்கான மென்பொருள்களில் நம் கல்லூரிகள் பலவும் பயன்படுத்தும் கோஹா, நியூசிலாந்தின் ஹோரோவெனுவா என்ற சிறிய பிரதேசத்து நூலகத்தில் பிறந்தது. 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது தங்கள் பழைய கணினி முறை செயலிழந்துவிடும் என்று அஞ்சிய அந்த நூலகத்தார், புதிதாகச் செய்வித்த ஒன்றை உலகத்தார் அனைவருக்கும் இலவசமாகத் தந்தார்கள். கோஹா என்பது மாவோரி மொழியில் காணிக்கையைக் குறிக்கும் சொல். சிறிய நூலகம் ஒன்றின் ஈகையால் உலகின் எத்தனையோ நூலகங்கள் பயன்பெறுகின்றன.

ஆயினும் இயந்திரம் தானாகத் தமிழ் கற்றுக்கொள்வதில்லை. புதுமைப்பித்தனைத் தேடுபவருக்குச் சொ. விருத்தாசலம் என்ற பெயரில் இருப்பதும் கிடைக்க வேண்டும்; கல்கியைத் தேடுபவருக்கு ரா. கிருஷ்ணமூர்த்தியும் கிடைக்க வேண்டும். சுப்பிரமணியன், சுப்ரமண்யன், சுப்ரமணியன் என்று ஒருவரே மூன்று விதமாக அச்சேறியிருப்பார். பழம் பதிப்புகளின் தலைப்புகள் சந்தி சேர்த்தும், புதியவை பிரித்தும் அச்சாகியிருப்பதால், ஓர் இடைவெளியின் பிழைக்காக அலமாரியில் இருக்கும் நூலையே இல்லை என்று கணிப்பொறி சொல்லிவிடும். ஒருங்குறி வருவதற்கு முன் ஒவ்வொரு எழுத்துருவிலும் ஒவ்வொரு விதமாகத் தட்டெழுதிய பட்டியல்கள், மாற்றிப் படிக்க ஆளில்லாமல் புரியாத குறிகளின் குவியலாகிக் கிடக்கின்றன. இவற்றைச் சீர்செய்வது தமிழும் நூலகக்கலையும் ஒருங்கே அறிந்தவர்களின் பொறுமையான கைவேலை. கருவியை வாங்க நிதி ஒதுக்குபவர்கள், இந்தக் கைவேலைக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மற்றொரு மாறுதல், அதிகம் பேசப்படாதது. புத்தகத்தை விலைக்கு வாங்கினால் அது நூலகத்தின் சொத்து; மின்னிதழ்களோ பெரும்பாலும் குடக்கூலிக்கு வருபவை. சந்தா நின்ற நாளில், பூட்டைப் போட்டுவிட்டது போல அணுகுவது நின்றுவிடக்கூடும். ஏறக்குறைய 13,000 ஆராய்ச்சி இதழ்களை நாடு முழுவதிலுமுள்ள அரசாங்கக் கல்வி நிலையங்களுக்கு மொத்தமாகப் பெற்றுத் தர, மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அரசாங்கம் 2024 நவம்பரில் ஏற்றுக்கொண்டது. சிறு ஊர்க் கல்லூரி மாணவனுக்கும் பெரிய ஆராய்ச்சி நிலையத்தின் வாசல் திறப்பது வரவேற்கத் தக்கதே. ஆனால் மூன்றாண்டு கழிந்தபின் அலமாரியில் மிஞ்சுவது என்ன என்ற கேள்வியை நூலகர்கள் எழுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

வாசகர்களும் மாறியிருக்கிறார்கள். இன்று மாவட்ட மைய நூலகங்களின் வாசிப்பு மேஜைகளைக் காலை முதல் நிறைப்பவர்கள், அரசுப் பணித் தேர்வுக்குத் தங்கள் சொந்தப் புத்தகங்களோடு வந்து படிக்கும் இளைஞர்களும் இளம் பெண்களுமே. நூலகத்தின் புத்தகத்தை எடுக்காத இவர்கள் வாசகர்களா என்று சிலர் குறைப்படுகிறார்கள். வீட்டில் தனி அறையோ, அமைதியோ, ஒரு மின்விசிறியோ இல்லாத பெண்ணுக்கு நாற்காலியும் வெளிச்சமும் கொடுப்பதும் நூலகச் சேவைதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சிற்றூரின் கிளை நூலகத்தில், மாலை நேரத்தில் நான் பழைய மாத இதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிய முதியவர் ஒருவர் வாசலிலேயே தயங்கி நின்று, "அம்மா, தென்னங்குருத்தை ஏதோ வண்டு துளைக்குது. மட்டையெல்லாம் கத்தரிச்ச மாதிரி விரியுது. அதைப் பத்திப் புஸ்தகம் இருக்குமா?" என்று கேட்டார். நூலகர் நடுத்தர வயதுப் பெண்மணி. எழுதிக்கொண்டிருந்த அறிக்கையை மூடி வைத்துவிட்டு, "உள்ளே வாங்கய்யா, உக்காருங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். வேளாண்மை அலமாரியில் தென்னை வளர்ப்பு நூல் வெளியே போயிருந்தது. ஒரு கணம் யோசித்துவிட்டு, எதிர்ப்புறம் விலங்கியல் அலமாரிக்குச் சென்று பூச்சிகளைப் பற்றிய பழைய நூலொன்றை எடுத்து, பொருளடக்கத்தில் விரலை ஓட்டி, காண்டாமிருக வண்டின் படம் உள்ள பக்கத்தைப் பிரித்து அவர் முன் வைத்தார். "இதேதான்மா," என்றார் முதியவர்.

அவர் உறுப்பினர் அல்லர். ஆகையால் நூலை வீட்டுக்கு எடுத்துப்போக வழியில்லை. சட்டைப்பையிலிருந்த உரக்கடை ரசீதின் பின்புறத்தில், பரிகார முறையை ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்து எழுதத் தொடங்கினார். மூடும் நேரம் கடந்தது. அம்மையார் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, சாவிக்கொத்தை ஓசைப்படாமல் கையில் பிடித்தபடி, அவர் தலைக்கு மேல் எரிந்த விளக்கை மட்டும் அணைக்காமல் காத்திருந்தார். பிறகு மேஜைக்கு வந்து அன்றைய கணக்கை எழுதினார். வெளியே எடுத்துச் செல்லப்பட்ட நூல்களின் எண்ணிக்கையை மட்டுமே கேட்ட அந்தக் கட்டத்தில், அந்த முதியவருக்கு இடம் இருக்கவில்லை.